மகளின் கரப்பானும் முடிவில்லாத பத்தியமும்

கிளிநொச்சி மாவட்டத்தில், வயலும் காடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய், சித்த வைத்தியனான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. கைக்குழந்தையாக இருந்தபோது கன்னத்தில் தொடங்கிய சொறி, வளர வளர முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் நிலைத்துவிட்டது. இரவில் பிள்ளை சொறிந்து சொறிந்து படுக்கை விரிப்பில் இரத்தப் புள்ளிகள் படுகின்றன. சோளகக் காற்று வீசும் மாதங்களிலும் அரிவுவெட்டுக் காலத்திலும் கூடுகிறது. வீட்டில் வேறு யாருக்கும் சொறி இல்லை. தாயின் தம்பிக்குச் சிறுவயதிலிருந்தே தொய்வு (ஆஸ்துமா) உண்டு.

கிளினிக்கில் ஒரு பூச்சு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அது ‘ஸ்டீரொயிட்’ என்று யாரோ சொன்னதும் பயந்து எறிந்துவிட்டார். பிறகு தெரிந்தவர் மூலம், சுத்த மூலிகை என்று சொல்லி விற்கப்பட்ட வெள்ளைக் களிம்பு ஒன்றை வாங்கிப் பூசினார். மூன்றே நாளில் தோல் பளிச்சென்று மாறியது. ஒரு மாதம் பூசி நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. “இரத்தம் கெட்டுவிட்டது, கிரந்திச் சாப்பாடு எதுவும் ஆகாது” என்று மாமி சொல்ல, மீன், முட்டை, பால், இறைச்சி, கச்சான், கத்தரிக்காய், தக்காளி எல்லாவற்றையும் நிறுத்தி எட்டு மாதங்கள் ஆகின்றன. பிள்ளையின் நிறை 24 கிலோவிலிருந்து 21 கிலோவுக்கு இறங்கிவிட்டது. சொறி குறையவில்லை. மாலைதோறும் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தேய்க்கிறார்கள். இனி வெறும் வயிற்றில் வேப்பெண்ணெயும் வாரத்தில் இரண்டு நாள் குப்பைமேனிக் கஞ்சியும் கொடுக்க வேண்டும் என்பது மாமியின் யோசனை. “கொடுக்கலாமா? பத்தியம் இன்னும் எத்தனை நாள்? வைத்தியசாலை மருந்தும் நமது மருந்தும் ஒத்துப்போகுமா?” என்று கேட்கிறார்.

வகுப்பில் மகளின் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் மறுக்கிறார்களாம். 2009 இல் இடம்பெயர்ந்தோர் இருந்த செட்டிகுளம் முகாமில் கூடாரம் கூடாரமாகச் சிரங்கு பரவியதைப் பார்த்தவர் இவர். அந்தப் பயம் இன்னும் போகவில்லை என்று எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போட்டபின் கீழே ஒரு வரி: “கணவருக்கும் முன்கையில் நாலு மாதமாக ஒரு கட்டி இருக்கிறது, நோவும் இல்லை கடியும் (அரிப்பும்) இல்லை, அதற்கும் குப்பைமேனிச் சாறுதான் பூசுகிறோம்.”

சகோதரி,

அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மகளின் சொறிக்குக் கொஞ்சம் பொறுமையாக வழி தேடலாம். கணவரை இந்த வாரமே தோல் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

அவர் இரவில் யானைக் காவலுக்குப் பரணில் படுப்பவர், விறகுக்குக் காட்டுக்குள் போகிறவர் என்று கடிதத்தின் நடுவே நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடையால் மறையாத இடத்தில் ஒரு சிறு பரு வருகிறது. நோகாது, கடிக்காது, மாதக்கணக்கில் ஆறாது, மெல்லப் பெருத்து நடுவில் பொருக்குக் கட்டும். இப்படி ஒன்றை வன்னியில் கண்டால் லீஷ்மேனியாசிஸ் இருக்குமோ என்று பார்த்தே ஆக வேண்டும். நுளம்பைவிடச் சிறிய மணல் ஈ கடிப்பதால் வரும் ஒட்டுண்ணி நோய் இது. இலங்கையிலேயே தொற்றியதாக அறியப்பட்ட முதல் நோயாளி பற்றி 1992 இல் எழுதப்பட்டது. 2008 முதல் சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக இருக்கிறது. நம் நாட்டில் காணப்படுவது பெரும்பாலும் தோலோடு நிற்கும் வகை. கட்டியிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இருந்தால் கட்டிக்குள்ளேயே ஊசி போடுவார்கள், அல்லது திரவ நைதரசனால் உறைய வைப்பார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் இல்லை. சாறு பூசி இதை ஆற்ற முடியாது. பூசும் காலமெல்லாம் புண் பெரிதாகி, ஆறினாலும் வடு பெரிதாகவே நிற்கும்.

போகும்போது உடம்பில் வேறெங்காவது வெளிறிய தேமல் இருக்கிறதா, அந்த இடத்தில் தொட்டால் உணர்வு குறைகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தொழுநோய் இலங்கையிலிருந்து இன்னும் போய்விடவில்லை. வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ இலவச மாத்திரை எடுத்தால் முழுமையாகக் குணமாகும். தாமதித்தால்தான் நரம்பு கெட்டு விரல் மடங்கும். உங்கள் கணவருக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. காட்டோரத்தில் வாழ்கிறவர்கள் நோகாத, கடிக்காத தோல் மாற்றத்தைச் சும்மா விடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நோகிறதைத்தான் நாம் நோய் என்று நினைக்கிறோம். தோலில் பல வேளை அது மாறி நிற்கும்.

இனி மகள்.

நேரில் பார்க்காமல் கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிப்பது முறையல்ல. ஆனாலும் நீங்கள் எழுதியவை ஒரே திசையைக் காட்டுகின்றன. குழந்தைப் பருவத்தில் கன்னத்தில் தொடங்கி மடிப்புகளுக்கு இறங்கியது, வறண்ட காற்றில் கூடுவது, வைக்கோல் தூசியில் கூடுவது, தாய்மாமனுக்குத் தொய்வு. சித்த மருத்துவத்தில் கரப்பான் என்றும், ஆங்கில வைத்தியத்தில் எக்சிமா என்றும் இதைச் சொல்வார்கள். வீட்டில் எல்லோருக்கும் இரவில் கடித்து, விரலிடுக்கிலும் கொப்பளம் இருந்தால் நான் சிரங்கை நினைத்திருப்பேன். உங்கள் வீட்டில் அப்படி இல்லை. முகாமில் நீங்கள் பார்த்தது ஒரு சிற்றுண்ணி ஆளுக்கு ஆள் தொற்றுவதால் வருவது. மகளுக்கு இருப்பது தொற்றாது. ஒரே பாயில் படுத்தாலும், ஒரே துவாயால் துடைத்தாலும் தொற்றாது.

“இரத்தம் கெட்டுவிட்டது” என்று மாமி சொல்வதை அவருடைய தாயும் சொல்லியிருப்பார். நம் மருத்துவ மரபிலும் அந்தப் பேச்சு இருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளையிடம் முதலில் கெட்டிருப்பது தோலின் மேலடுக்கு. ஈரத்தைப் பிடித்து வைக்கவும் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கவும் வேண்டிய அந்த அடுக்கு, கரப்பான் உள்ள பல பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே பலவீனமாக இருக்கிறது. வரம்பு உடைந்த வயலில் எவ்வளவு நீர் விட்டாலும் நிற்காது. வரம்பைக் கட்டுவதுதான் முதல் வேலை. எதைச் சாப்பிடுகிறாள் என்பது அதற்கு அடுத்த கேள்வி. எட்டு மாதமாக நீங்கள் இரண்டாவது கேள்வியோடு மட்டுமே போராடியிருக்கிறீர்கள்.

பத்தியம்

நான் பத்தியத்துக்கு எதிரானவன் அல்லன். தினமும் மருந்தோடு சேர்த்துப் பத்தியமும் எழுதிக் கொடுக்கிறவன். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வீட்டில் நடப்பது பத்தியம் அல்ல. பத்தியத்துக்கு ஒரு மருந்து உண்டு, நாள் கணக்கு உண்டு, மருந்து முடிந்தபின் மறுபத்தியம் உண்டு, பிறகு வழமையான சாப்பாட்டுக்குத் திரும்புவது உண்டு. மருந்தில்லாமல், நாளில்லாமல், முடிவில்லாமல் ஒரு வளரும் பிள்ளையைச் சோறும் பருப்பும் பாவற்காயுமாக வைத்திருக்க எந்த மருத்துவ மரபும் சொல்லவில்லை.

சரக சம்ஹிதையின் தோல் நோய்ச் சிகிச்சைப் பகுதி, இலகுவான உணவு, கைப்புள்ள கீரைகள், பழைய தானியம், பாசிப்பயறு, நெய் ஆகியவற்றை நல்லது என்கிறது. புளிப்பு, பால், தயிர், மீன், வெல்லம், எள் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. மாமி சொல்வதற்கு நூலில் இடமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே பகுதி, வறண்ட நிலத்து விலங்குகளின் இறைச்சியை நல்ல உணவுகளோடு சேர்க்கிறது. உடலைச் சுத்தி செய்யும்போது நோயாளியின் உயிர்ப்பலத்தைக் காத்துக்கொண்டே செய்ய வேண்டும் என்றும் எச்சரிக்கிறது. தவிர்க்க வேண்டியதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, பலத்தைக் காக்கச் சொன்னதை விட்டுவிட்டால் அது பாதி மருத்துவம்தான். ஒன்பது வயதில் நிறை கூடியிருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு மூன்று கிலோ குறைந்திருக்கிறது. புதிய தோல் உருவாகப் புரதமும் இரும்பும் நாகமும் (சிங்க் சத்தும்) வேண்டும். மீனையும் முட்டையையும் இறைச்சியையும் ஒன்றாக நிறுத்தினால், தோல் ஆறத் தேவையானதையே நிறுத்துகிறோம்.

உணவுக்கும் கரப்பானுக்கும் தொடர்பே இல்லையா என்றால், சில பிள்ளைகளுக்கு இருக்கிறது. ஆனால் உணவை விலக்கிப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்ட பலன் சிறியதுதான். அந்தச் சில பிள்ளைகளுக்கும் ஒன்றோ இரண்டோ உணவுதான் ஒத்துக்கொள்ளாது. ஏழு உணவுகளை எட்டு மாதம் நிறுத்தியும் சொறி குறையவில்லை என்றால், அவை இந்தச் சொறிக்கு முக்கிய காரணம் அல்ல என்றே பெரும்பாலும் கொள்ளலாம். இவ்வளவு வருந்திச் செய்த இந்தப் பரிசோதனையின் விடை உங்கள் கையிலேயே இருக்கிறது.

ஆனால் நாளைக்கே எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்துவிடாதீர்கள். கரப்பான் உள்ள சில பிள்ளைகளுக்கு, நீண்ட நாள் நிறுத்திய உணவை மீண்டும் கொடுக்கும்போது, முன்பு இல்லாத உடனடி ஒவ்வாமை வருவதுண்டு. கத்தரிக்காய், தக்காளி, இறைச்சி ஆகியவற்றை முதலில் சேருங்கள். சிறிதளவில் தொடங்கி, ஒன்று சேர்த்து மூன்று நாள் பார்த்தபின் அடுத்ததைச் சேருங்கள். முட்டை, பால், கச்சான், மீன் ஆகிய நான்கையும் வைத்தியரிடம் காட்டி, அவர் சொல்லும் முறைப்படி கொடுங்கள். ஒரு கொப்பியில் அன்றன்று சாப்பிட்டது, இரவில் சொறிந்தது, அன்று காற்று எப்படி, தூசியில் விளையாடினாளா என்று நாலு வரி எழுதி வாருங்கள். உணவை மட்டும் எழுதினால் உணவுதான் குற்றவாளியாகத் தெரியும். உதடோ கண்ணோ வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், அடுத்தடுத்து வாந்தி எடுத்தால், மூச்சு முட்டினால் காத்திருக்க வேண்டாம், 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மீனையும் பாலையும் ஒரே வேளையில் சேர்க்கக்கூடாது என்று மாமி சொல்வதை அப்படியே கடைப்பிடியுங்கள். ஆயுர்வேதம் அதை விருத்த ஆகாரம், அதாவது ஒன்றோடொன்று சேராத உணவு, என்று விலக்குகிறது. நவீன ஆய்வு அதைத் தோல் நோயின் காரணமாகக் காட்டவில்லைதான். ஆனாலும் மீன் மதியத்துக்கும் பால் இரவுக்கும் என்று மாற்றி வைப்பதால் பிள்ளைக்கு எந்த இழப்பும் இல்லை. வீட்டில் ஒரு விடயத்திலாவது மாமியின் பேச்சு நிற்பது உங்களுக்கும் உதவும்.

இனி என்ன கொடுப்பது? கடையில் தேட வேண்டாம், வன்னி வீட்டில் இருப்பதே போதும். காலையில் குரக்கன் கூழ், அல்லது நல்லெண்ணெய் விட்ட உழுத்தங்களி. மதியம் சோற்றோடு பாசிப்பயறு, முருங்கையிலை வறை அல்லது பொன்னாங்காணி, வைத்தியர் சம்மதித்தபின் கீரி மீன் சொதி. வல்லாரைச் சம்பலில் சிறிது தேசிக்காய் பிழியுங்கள், கீரையின் இரும்பு உடம்பில் சேர அது உதவும். பாவற்காயும் புடலங்காயும் நல்லவைதான், ஆனால் பிள்ளை அழுது அழுது சாப்பிடும் அளவுக்கு வேண்டாம். வளவில் பப்பாசி பழுத்திருக்கும், கொய்யா இருக்கும். நிறுத்த வேண்டியதைக் கேட்டால் சோடாவையும் பக்கெட்டில் வரும் மிக்சரையும் இனிப்புப் பிஸ்கட்டையும் சொல்வேன். அவை கரப்பானைக் கொண்டு வந்தன என்பதற்காக அல்ல. வயிற்றில் நல்ல சாப்பாட்டுக்கு இருக்கும் இடத்தை அவை பிடித்துக்கொள்கின்றன என்பதற்காக.

பெயரில்லாத களிம்பு

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் மீதல்ல. மூன்று நாளில் பளிச்சென்று மாற்றிய அந்த வெள்ளைக் களிம்பில் வலுவான ஸ்டீரொயிட் கலந்திருக்கும் என்பதே என் பலமான சந்தேகம். எந்த மூலிகையும் நாட்பட்ட கரப்பானை மூன்று நாளில் மறைப்பதில்லை. ஒரு மாதம் பூசி நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்புவதும் அதன் நடத்தைதான். கிளினிக்கில் கொடுத்ததை எறிந்துவிட்டு, அதைவிடப் பல மடங்கு வலுவானதாக இருக்கக்கூடியதை, அளவும் தெரியாமல் பெயரும் தெரியாமல் பிள்ளைக்குப் பூசியிருக்கிறீர்கள். மூலிகை என்ற சொல்லை நம்பியதுதான் நீங்கள் செய்தது. அந்த நம்பிக்கையை விற்றவர்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சிறு பிள்ளைகளின் தோலுக்குக் கிளினிக்கில் வழக்கமாகக் கொடுக்கும் ஹைட்ரோகோட்டிசோன் ஒரு சதவீதப் பூச்சு, ஸ்டீரொயிட்டுகளில் மிக மென்மையான வகையைச் சேர்ந்தது. சிவந்து கடிக்கும் இடத்தில் மட்டும், சொன்ன நாட்களுக்கு மட்டும் மெல்லியதாகப் பூசினால் அது பாதுகாப்பான மருந்து. இரவில் சொறிந்து புண்ணாக்கும் பிள்ளைக்கு அதை மறுப்பது தேவையற்ற வேதனை. ஒரு சித்த வைத்தியனாக இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

களிம்புப் போத்தலை எறிந்துவிடாதீர்கள், கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தோல் மெலிந்து உள்ளிருக்கும் இரத்தக் குழாய்கள் தெரிகின்றனவா, பூசிய இடத்தில் மயிர் அடர்ந்திருக்கிறதா, முகம் உப்பியிருக்கிறதா என்று வைத்தியர் பார்ப்பார். இனி யாரிடம் மருந்து வாங்கினாலும், பெயரும் சேர்மானமும் செய்த இடமும் காலாவதித் திகதியும் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வைத்தியரிடம் பதிவு இலக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த, யுனானி வைத்தியர்களும் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு செய்யப்படுகிறார்கள். முறையாகப் பதிந்தவர் அந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளை அறிமுகமில்லாத கையிலிருந்து பிள்ளைக்கு ஒருபோதும் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரசமும் (பாதரசம்) பாஷாணமும் (ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருள்கள்) சரியாகச் சுத்தி செய்யப்படாவிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வேப்பெண்ணெயும் குப்பைமேனியும்

வேப்பெண்ணெயை வாயால் கொடுக்கவே கூடாது. ஒரு கரண்டி அல்ல, சில துளிகளும் வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன. நம் ஊரில் எத்தனையோ பேர் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று மாமி கேட்பார். ஆகாதவர்கள் வந்து கதை சொல்வார்கள், அவ்வளவுதான். கேட்காமல் கொடுத்துவிடாமல் எனக்கு எழுதினீர்களே, அதற்கு நன்றி.

குப்பைமேனியைப் பற்றி நம்மவர் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி பிறப்பிலேயே குறைவாக உள்ளவர்கள் குப்பைமேனியைக் கஞ்சியாகவோ வறையாகவோ சாப்பிட்டு, சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து வைத்தியசாலைக்கு வந்த சம்பவங்களை இலங்கை வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறைபாடு இருப்பது வெளியே தெரியாது. உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அது தெரியாமல் வாரத்தில் இரண்டு நாள் அந்தக் கஞ்சியைக் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். கஞ்சி வேண்டுமானால் வல்லாரையோ முசுமுசுக்கையோ இருக்கிறது.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது வேறு. தீய நோக்கமில்லாத வைத்தியம்தான். ஆனால் உங்கள் மகளின் தோல் வறண்டு வெடித்த தோல், அந்த அரைப்பு காயும்போது இன்னும் ஈரத்தை இழுத்துவிடும். எரிகிறது என்று பிள்ளை சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள், அதை நம்புங்கள். நீர் வடியும் புண்ணுக்குக் கழுவும் மருந்து, வறண்ட கரப்பானுக்கு எண்ணெய் என்று பிரித்துச் செய்வதே நம் முறை. இரண்டுக்கும் ஒரே அரைப்பைப் பூசுவது இடையில் வந்த பழக்கம்.

குளிப்பும் எண்ணெயும்

வரம்பைக் கட்டும் வேலை இங்கேதான் நடக்கிறது. நாளுக்கு ஒரு முறை, ஐந்து முதல் பத்து நிமிடம் குளிக்க வையுங்கள். வெந்நீர் வேண்டாம், வெயிலில் சற்று வைத்த கிணற்று நீர் போதும். உங்கள் பகுதிக் கிணற்றில் சவர்க்காரம் நுரைக்காது என்று எழுதியிருக்கிறீர்கள், கல்சியம் கூடிய அந்த நீரில் சவர்க்காரம் தோலில் படிந்து இன்னும் உறுத்தும். எனவே அக்குளுக்கும் பாதத்துக்கும் மட்டும் மென்மையான சவர்க்காரம், மற்ற இடங்களுக்கு வெறும் நீர். வேப்பஞ் சவர்க்காரமும் கிருமிநாசினிச் சவர்க்காரமும் வேண்டாம். பயற்றம்மா தேய்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் தோல் வெடித்திருக்கும் வரை நிறுத்தி வையுங்கள். பயறு, பால், தயிர் போன்ற உணவுப் பொருள்களை வெடித்த தோலில் தேய்த்தால் அந்த வழியாகவே உடம்பு அவற்றுக்கு ஒவ்வாமை பழகிவிடக் கூடும். தோல் ஆறியபின் பயற்றம்மாவுக்குத் திரும்பலாம்.

குளித்ததும் துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தோல் முழுவதும் காய்வதற்கு முன், சில நிமிடங்களுக்குள் எண்ணெய் பூச வேண்டும். இந்தச் சில நிமிடங்களில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. நல்ல தேங்காயெண்ணெய் போதும். 2014 இல் பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், தூய தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயைவிடக் கூடிய பலன் தந்தது. தோல் ஓரளவு ஆறியபின் அருகம்புல் தைலம் பூசலாம், அரச ஆயுர்வேத வைத்தியசாலையில் கேட்டுப் பாருங்கள். எந்தப் புதிய தைலத்தையும் முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடத்தில் மட்டும் இரண்டு நாள் பூசிப் பாருங்கள். நீர் வடியும் நாட்களில் ஆலம்பட்டை அவித்து ஆறவைத்த நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுக்கலாம்.

வைத்தியசாலைப் பூச்சும் நமது எண்ணெயும் சண்டை போடுவதில்லை. ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பாமல், அரைமணி நேர இடைவெளி விட்டால் சரி. இரண்டு வைத்தியரிடமும் மற்றவர் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அரிவுவெட்டு நாட்களில் பிள்ளையை வைக்கோற்போர்ப் பக்கம் விட வேண்டாம். இரவில் நகத்தை ஒட்ட வெட்டி, பருத்தி உடுப்பைப் போடுங்கள். தேன் நிறத்தில் பொருக்கு, சீழ், காய்ச்சல், அல்லது நோவோடு கொத்தாகக் கொப்பளம் வந்தால் அது கிருமி புகுந்த அடையாளம், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நிறை விடயத்தில் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரோடும் பேசுங்கள். மாதம் ஒரு முறை நிறை பார்த்து, வளர்ச்சி வரைபடத்தில் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று அவர் காட்டுவார். மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கோடு கீழே இறங்குவதை அவரே கண்ணால் பார்த்தால், என் கடிதம் சொல்வதைவிட அது நன்றாகச் சொல்லும்.

பாடசாலையைப் பற்றி ஒன்று செய்யலாம். கிளினிக்கில் நோய் உறுதியானதும், “இது கரப்பான், தொற்று நோய் அல்ல, மற்றப் பிள்ளைகளோடு உட்காரவும் விளையாடவும் தடையில்லை” என்று வைத்தியரிடம் கையொப்பத்துடன் எழுதி வாங்குங்கள். அதை வகுப்பாசிரியரிடம் தனியாகக் கொடுங்கள், பிள்ளைகள் முன்னால் வாசிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மகள் யாருக்குப் பக்கத்தில் உட்கார விரும்புகிறாள் என்று முதலில் அவளிடமே கேட்டு, அந்தப் பிள்ளையின் தாயை நீங்கள் போய்ச் சந்தியுங்கள். அவரும் முகாமில் இருந்தவராக இருக்கலாம். அப்படியானால் அவருடைய பயமும் உங்கள் பயம்தான். சிரங்குக்கும் கரப்பானுக்கும் உள்ள வேறுபாட்டை நான் உங்களுக்கு எழுதியதுபோலவே நீங்கள் அவருக்குச் சொல்லலாம்.